நீங்களே பாத்து போடுங்க

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் நாமாக ஒன்றைப் போட்டுக்கொள்வது அவருக்கு ஆகவே ஆகாது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளியைச் சேர்க்காமல் ஒன்பது பேர். கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகள், அரிசி ஆலைகள், ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். அந்தந்த இடத்தின் கணக்கும் பதிவுகளும் அந்த சர்வரில்தான் இருக்கும். முதலாளி என் அக்காள் மகன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என்னை, வீட்டில் சும்மா உட்கார்ந்து மின்விசிறியின் சுற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அலுவலக நிர்வாகத்துக்கு அழைத்துக்கொண்டான்.

அவர் புவனகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சேர்ந்த முதல் நாள் மாலை, விடைபெறும்போது எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா."

"எந்த நாள் சார்?"

எத்தனையோ பேரை அப்படி அழைத்திருக்கிறேன். ஒருவரும் நாளைக் கேட்டதில்லை. "சனிக்கிழமை வாயேன்" என்றேன். சனிக்கிழமை வந்துவிட்டார். என் மனைவி தோசைக்கல்லின் முன் நின்றபடி, "எத்தன தோச சாப்புடுவ?" என்று கேட்டாள். "நாலு" என்றார். அவர் போனபிறகு என் மனைவி, "இந்த வீட்டுக்கு வந்தவுங்கள்ள கேட்டதுக்கு பதில் சொன்னது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்" என்றாள். மற்ற எல்லோரும் "நீங்களே பாத்து போடுங்க" என்பவர்கள். அவர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்டு, மாவு மிஞ்சிய நாளும் உண்டு, பற்றாமல் போன நாளும் உண்டு.

சர்வர்களை அமைத்துக் கொடுப்பதற்கென்று நாங்களே எழுதி வைத்திருந்த ஒரு டூல் இருந்தது. வாடிக்கையாளர் ஒரு பக்கத்தில் கேள்விகளுக்குப் பதில் நிரப்ப வேண்டும். எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள், தினமும் எடுக்கும் நகலை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், கோளாறு என்றால் யாருக்குத் தகவல் போக வேண்டும், இப்படி. டூல் அதை வாங்கிக்கொண்டு சர்வரை அதன்படி அமைத்துவிடும். பல வருடம் பலர் கைபட்ட டூல் அது. ஒரு நாள் காலை அவர் அதன் உள்பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். திரை முழுக்க வரி வரியாக மஞ்சள் எழுத்து ஓடியது.

"இதெல்லாம் என்னாம்மா?"

"எச்சரிக்க சார். ப்ரோக்ராம்ல பேர் எழுதுன பொட்டி நெறைய இருக்கு. ஒவ்வொண்ணா தொறந்து பாக்குது. சிலதுல யாரும் எதுவும் வெக்கல. அதான் கத்துது."

"கத்திட்டு?"

"கத்திட்டு, சரி பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு அது பாட்டுக்கு மேல போயிடுது."

"அப்ப நாமளே பூஜ்யத்த வெச்சிட்டா கத்தாதுல்ல?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க பரீட்ச பேப்பர் திருத்துனவரு. பரீட்சைக்கே வராத புள்ளைக்கு பூஜ்யமா போடுவீங்க?"

போட மாட்டேன். 'ஆப்சென்ட்' என்றுதான் போடுவேன். பூஜ்யம் வாங்குவதற்கும் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து எழுதியாக வேண்டும். இதை முப்பது வருடம் செய்தவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் டூலையும் வாடிக்கையாளர்களையும் ஆட்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முன்வந்தது. முதலாளிக்கு அலுவலகம் நடத்தி அலுத்துவிட்டது. அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், டூல் ஓடும்போது ஓர் எச்சரிக்கைகூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தட்டிப்போனால் அலுவலகத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். ஒன்பது பேரின் வேலையும் அந்த மஞ்சள் வரிகளில் வந்து நின்றது. வேலையை அவரிடம் கொடுத்தார்கள். நான் வரிகளை எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. தினமும் காலையில் வெள்ளைப் பலகையில் மிச்சத்தை எழுதி வைப்பேன்.

பாதிக்கு மேல் சுலபமாகப் போயிற்று. முதலில் வைக்க வேண்டியதை ப்ரோக்ராமில் பின்னால் வைத்திருந்தார்கள்; வரிசையை மாற்றினார், அடங்கியது. பலகையில் எண் வேகமாக இறங்கியது. நிம்மதியாகத் தூங்கினேன். அதன்பிறகு எண் நகர மறுத்தது. மீதமெல்லாம் வாடிக்கையாளர்கள் பதில் சொல்லாமல் விட்ட இடங்கள். அவர் ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தார். முதலாளி என் மேசைக்கு வந்து குனிந்து, "மாமா, ஒரு வரியில முடியற வேல. எல்லாத்துலயும் ஏதோ ஒண்ண போட்டு மூடச் சொல்லு. ஊரையே கூப்ட்டு விசாரிக்குது" என்றான்.

நான் போய்ச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கத்தைத் திறந்தார். கடலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. அங்கே எச்சரிக்கையே இல்லை. ஏனென்றால் நகலை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில், முன்பு வேலை பார்த்த யாரோ பூஜ்யத்தைப் போட்டு வாயை அடைத்திருந்தார்கள். டூல் சொன்னதைச் செய்தது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளின் மதிப்பெண் முழுவதையும் ஒழுங்காக நகல் எடுத்தது. எடுத்த கையோடு அழித்தது.

அவர் தலைமையாசிரியையான சிஸ்டருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது.

"நாங்க அதுல ஒண்ணும் எழுதலையேம்மா?"

"அதத்தான் கேக்கறேன் சிஸ்டர். ஏன் எழுதல?"

"கம்ப்யூட்டர் படிச்சவுங்க நீங்க. உங்களுக்குப் போயி நாங்க நாள் கணக்கு சொல்றதா? மரியாதயா இருக்காதேன்னு விட்டுட்டோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலியாக விட்டவர்கள் யாரும் அலட்சியத்தால் விடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் நாம் ஒருவரிடம் ஒரு காரியத்தைக் கொடுத்தால், இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்வது அவரை நம்பாதது போல ஆகிவிடும். பூக்காரியிடம் பாத்து குடு என்போம். சமையல்காரரிடம் பாத்து செய்யுங்க என்போம். காட்டுமன்னார்கோயில் ஆலைக்காரர் ஒருவர், எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்றாவது முறை போன் போனபோது, "ஏங்க, நான் கஞ்சனா? நீங்களே தாராளமா போட்டுக்கோங்களேன்" என்று கோபித்துக்கொண்டார். பந்தியில் இலைக்கு முன்னால் பேசுகிற பேச்சை சர்வரிடமும் பேசிவிட்டிருந்தார்கள். சர்வருக்குப் பார்த்துப் போடத் தெரியாது.

யாரிடமும் அவர் விளக்கம் சொல்லி வாதாடியதில்லை. கேட்பார். பிறகு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பது பொறுக்க முடியாத ஒன்று. போனில் அரை நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் நம் ஆட்கள் எதையாவது பேசிவிடுவார்கள். அவர் காத்திருப்பார், எதிராளி எண்ணைச் சொல்லிவிடுவார். தெரியாது என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்வார். அதற்கென்றே டூலில் 'இன்னும் தெரியாது' என்று ஒரு பதிலைச் சேர்த்திருந்தார். அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மாதம் ஒருமுறை டூலே நினைவூட்டும். சொல்லாமல் விடுவதை மட்டும் அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பலகையில் எண் ஒன்றுக்கு வந்து நின்றது. சென்னைக்காரர்கள் வர ஒரே நாள்தான் இருந்தது.

அந்த ஒன்று சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். கோளாறு என்றால் யாருக்குத் தகவல் என்ற இடம் காலி. போனில் யாரும் பிடி கொடுக்கவில்லை. நேரில் போகிறேன் என்றார். எனக்கு அலுவலகத்தில் இருப்புக்கொள்ளவில்லை, கூடவே கிளம்பினேன்.

பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான் புலம்பிக்கொண்டே வந்தேன். "நம்ம ஆபீஸ் நம்பரயே போட்டுட்டா என்னம்மா? நாளைக்கு ஒரு நாள் ஒப்பேத்திட்டு அப்புறமா மாத்திக்கலாம்."

"போட்டா எச்சரிக்க நின்னுடும் சார். ஆனா சர்வர் நின்னுச்சுன்னா அந்த ரூம் சாவி நம்ம கிட்டயா இருக்கு? அங்க நோயாளி படுத்திருக்கறப்ப நாம இங்கேருந்து கத்திக்கிட்டு இருக்கணும்."

"ஒனக்கு ஏம்மா இவ்ளோ பிடிவாதம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்ல என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க சார். புடிச்சிருந்துது. எங்கப்பா, என்ன எதிர்பாக்கறீங்கன்னு கேட்டாரு. நாங்க எதுவும் கேக்கல, ஒங்க பொண்ணுக்கு நீங்க பாத்து செய்யுங்கன்னாங்க. எவ்ளோ நல்ல மனுஷங்கன்னு எங்க சித்தப்பா கண் கலங்கிட்டாரு. எங்கப்பா அன்னிலேருந்து தூங்கல. நெலத்த விக்கலாமா, யாருகிட்ட கேக்கலாம்னு மனசுக்குள்ள ஏத்திக்கிட்டே போனாரு. அவுங்க ஒண்ணும் சொல்லல இல்ல? அதனால அதுக்கு முடிவே இல்ல."

"அப்புறம்?"

"நானே மாப்ள வீட்டுக்கு போன் போட்டு, எவ்ளோன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் வேணாம்னா ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுங்கன்னேன். பொண்ணு வாய்த்துடுக்குன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க."

"வருத்தமா இருந்துச்சாம்மா?"

"இருந்துது சார். நல்லா இருந்தாரு அந்த மனுஷன்." பிறகு, "ஒண்ணும் வேணாம்னு அவுங்க வாயால சொல்லவே இல்ல பாருங்க" என்றார்.

சிதம்பரத்தில் இறங்கி ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

ஸ்கேன் சென்டரை நடத்துபவர்கள் இரண்டு பேர், ஒரு மாமாவும் மச்சானும். கட்டடம் மாமாவுடையது. மெஷினைப் பார்ப்பவர் மச்சான், அதாவது மாமாவின் மனைவிக்குத் தம்பி. இருவரும் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில், பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். நடுவில் ரிசப்ஷன் பெண் இருவருக்கும் வாயாக இருந்தாள்.

"யாரு நம்பர போடணும்னு சொல்லுங்க" என்று அவர் கேட்டார்.

மாமா ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்து, "மெஷினுக்கு பொறுப்பு யாரோ அவுங்கள கேக்கச் சொல்லும்மா" என்றார்.

மச்சானும் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "கட்டடம் யாருதோ, சாவி யாருகிட்ட இருக்கோ, அவுங்கள கேக்கச் சொல்லும்மா."

"எனக்கு சம்பளம் பில் போடறதுக்கு. இதுக்கு தனியா குடுங்க" என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

விஷயம் காதுகுத்து. மாமாவின் மகளுக்குக் காது குத்த நாள் பார்க்க வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் இந்த மச்சான்தான். நீங்களே பாத்து ஒரு நாள் வைங்க என்று மாமா சொன்னார். நீங்க பாத்து வைங்க மாமா என்று மச்சான் சொன்னார். இருவருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள். கடைசியில் கோயிலில் யாரோ ஒரு நாளைக் குறித்தார்கள். அன்று மச்சான் மெஷின் பயிற்சிக்காகச் சென்னையில் இருந்தார். பிள்ளை வேறொருவர் மடியில் உட்கார்ந்து அழுதது. அன்றிலிருந்து பேச்சில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்தான் காபி கொடுக்கிற சாக்கில் எங்களிடம் சொன்னாள். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சொல்லலன்னா நானா ஒண்ணும் போட மாட்டேன். யாருக்கும் சொல்ல வேணாம்னு போடச் சொன்னா போடறேன். ஆனா அத நீங்க சொல்லணும். 'சர்வர் நின்னா எங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்'னு ஒங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."

பிறகு வழக்கம்போலச் சும்மா இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நான் நொடிகளை எண்ண ஆரம்பித்தேன். மாமா மேசைமேலிருந்த பேனாவைத் திறந்து மூடினார். மச்சான் எழுந்து மெஷின் அறைக்குள் போய்விட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவருடைய அந்த மௌனம் தோற்று நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மறுநாள் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர் டூலை ஓட்டிக் காட்டினார். பக்கம் பக்கமாகச் சுத்தமாக ஓடி, கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் வரி வந்து நின்றது. வந்தவர்களில் மூத்தவர், "இது என்ன?" என்றார்.

"அவுங்க இன்னும் சொல்லல சார்."

"பதில் இல்லன்னா இதுதான்னு ஒரு டிஃபால்ட் போட்டா முடிஞ்சுது. ஒரு வரி."

"தெரியும் சார். நீங்க வாங்குனப்புறம் போட்டுக்கோங்க. நான் போட்டு உங்க கிட்ட சுத்தம்னு காட்ட மாட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன். அதில் என் கையால் எழுதிய '1' இருந்தது. மூத்தவர் தன் லேப்டாப்பை மூடிவிட்டு, "நிபந்தனை முன்னாடியே சொல்லிட்டமே" என்று ஆரம்பிக்கும்போது டூலின் முன் உட்கார்ந்திருந்தவரின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஸ்கேன் சென்டர். ரெண்டு நம்பர் போட முடியுமா?" மச்சானின் குரல்.

"முடியும்."

"சர்வர் நின்னா யாருக்கு மொதல்ல வரும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல."

பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. "நல்லா கேளு மச்சான், ஒரே நேரம்னா ஒரே நேரம்தானா?"

"அதான் சொல்றாங்கல்ல மாமா!"

நடுவில் ரிசப்ஷன் பெண்ணின் குரலே இல்லை. அவர் போனை வைத்துவிட்டு, ஓர் எண் மட்டும் கொள்ளும் இடத்தை இரண்டு கொள்ளும்படி மாற்றினார். கால் மணி நேரம் ஆனது. சென்னைக்காரர்கள் டீ குடித்தபடி காத்திருந்தார்கள். மீண்டும் ஓட்டினார். மஞ்சள் வரி இல்லை. நான் போய்ப் பலகையில் பூஜ்யம் போட்டேன். அது எழுதி வாங்கிய பூஜ்யம்.

பேச்சு முடிந்து, கையெழுத்தெல்லாம் ஆனபிறகு மூத்தவர் எங்கள் ஒன்பது பேரையும் உட்கார வைத்து இனிமையாகப் பேசினார். இனி ஒரே குடும்பம் என்றார். "சம்பளத்தப் பத்தி கவலையே வேணாம். நாங்க பாத்து போடறோம்."

எட்டுத் தலைகள் ஆடின. அதில் என் தலையும் ஒன்று.

"எவ்ளோ சார்?" என்றார் அவர்.

மூத்தவர் சிரித்தார். "அதெல்லாம் நல்லா பாத்து பண்ணுவோம்மா. மொதல்ல வந்து சேருங்க."

"பாத்துட்டு சொல்லுங்க சார். வரேன்."

அவர்கள் சொல்லவில்லை. அவர் நினைவூட்டினார். மறுபடியும், வந்து சேருங்க, பேசிக்கலாம் என்றுதான் பதில் வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தோம். அவர் சேரவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலாளிக்கு மனது கேட்கவில்லை. "ஒம்போது பேருக்கு வேலய காப்பாத்திக் குடுத்தது அந்தம்மா. அவுங்களுக்கே இல்லாம போச்சே மாமா. கொஞ்சம் வளஞ்சு குடுத்திருந்தா என்னா?" என்றான். அவருடைய கடைசி நாள் மாலை, பெட்டிக்கடை எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அவரிடம் நானும் அதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டேன்.

"அவுங்க கம்மியா சொல்லியிருந்தாகூட போயிருப்பேன் சார். கம்மின்னாலும் அது ஒரு பதில் இல்லையா?" என்றார். பஸ் வந்தது. படியில் ஏறியவர் திரும்பி, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க சார், வீட்டம்மாவயும் கூட்டிக்கிட்டு" என்றார்.

எனக்கும் அவரிடம் கற்றது கொஞ்சம் இருந்தது. "எந்த நாள்மா?"

யோசித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். "இன்னும் தெரியாது சார். தெரிஞ்சதும் சொல்றேன்."

புதிய கம்பெனிக்காரர்கள் வந்த முதல் வாரத்திலேயே ஒரு வரியை எழுதி எல்லா எச்சரிக்கையையும் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். புதுப் புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நிச்சயம் அவர்களும் மரியாதையாகக் காலியாக விட்டிருப்பார்கள். திரை சுத்தமாக இருந்தது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. சுத்தமான திரையைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் மாலை ஐந்து மணிக்கு எடுக்கப்பட்டு, எடுத்த கையோடு அழிகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். அந்த வருடக் கடைசியில் நானும் நின்றுவிட்டேன். வீட்டில் மறுபடியும் மின்விசிறி.

போன வாரம் போன் வந்தது.

"சார், சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேந்துட்டேன். சம்பளம் எவ்ளோன்னு சொல்லிட்டுதான் கூப்ட்டாங்க."

"எவ்ளோம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சொன்னார். சென்னைக்காரர்கள் எனக்குப் பார்த்துப் போட்டதைவிட அதிகம்தான்.

"நாள் தெரிஞ்சிடுச்சு சார். வர்ற ஞாயித்துக்கெழம. பன்னெண்டு மணிக்கு சாப்பாடு. எத்தன பேரு வரீங்க?"

"பாத்துக்கலாம்மா" என்றது என் வாய்.

எதிர்ப்பக்கத்தில் சத்தம் இல்லை. அந்தச் சத்தமின்மை எனக்குப் பழக்கமானது. போன் துண்டிக்கப்படவில்லை என்பதும் தெரியும்.

"ரெண்டு பேரு. எனக்கு சக்கர உண்டு, பாயசம் வேணாம். அவளுக்கு பாயசம் வேணும், ரெண்டு தடவ" என்றேன்.

"சரி சார்" என்றார் அவர்.